பள்ளிமுனைப் பெருக்க மரம்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, மன்னாரிலே தமிழாசிரியனாக இருக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரமே. அதன் அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். என் மாணவர் பதின்மர் கைகோத்து நின்றும் வட்டம் முற்றவில்லை. ஆபிரிக்க மண்ணுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பர். வரலாற்றுக்கு ஆசிரியர் இல்லாக் குறையால் அப்பாடமும் என் தலைமேல் விழுந்த நாள்தொட்டு, யாழ்ப்பாண அரசின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் இம்மர நிழலிலேயே கற்பித்து வருகிறேன்.

எனக்கு வாய்த்த மற்றொரு துணை இபுனு பதூதா என்னும் மொறொக்கோ நாட்டுப் பயணி. அவர் 1344 இல் புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். குளித்தெடுத்த முத்துக்களை அரசனின் ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். அரசன் பாரசீக மொழி அறிந்தவன். வேண்டியதைக் கேளும் என்றான். பயணி வேண்டியதோ சிவனொளிபாத மலைக்கு வழி மட்டுமே. பல்லக்கும் நான்கு யோகியரும் மூன்று அந்தணரும் துணைவர, முசுலிம் யாத்திரிகர் ஒருவரைச் சைவ மன்னன் ஒருவன் அனுப்பி வைத்தான். இதனைச் சொல்லுங்கால் என் குரல் சற்றே உயரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே பயணி 1352 இல் சகாராப் பாலைவனத்தைக் கடந்து மேற்கு ஆபிரிக்காவின் மாலி அரசுக்குப் போனார். பொன்னும் உப்பும் கைமாறிய வணிக வழிகளால் வளர்ந்த அரசு அது. வழியிலே பென்னம்பெரிய மரங்களைக் கண்டார். ஒன்றன் பொந்துக்குள் நெசவாளி ஒருவன் தறியிட்டு நெய்துகொண்டிருந்தானாம். அவை பெருக்க மரங்களே என்று கருதுவர். மன்னன் மன்சா சுலைமானிடமிருந்து வரவேற்புப் பொருள் வருகிறதென்றதும் பட்டும் பணமும் வருமென எண்ணியிருந்தவருக்குக் கிடைத்தவை மூன்று ரொட்டியும் ஒரு துண்டு இறைச்சியும் ஒரு சுரைக்குடுவைத் தயிருமே. இவ்விடத்தில் மாணவர் சிரிப்பர்.

மாலிக்குப் பின் அங்கே ஓங்கியது சொங்காய் அரசு. 1588 இல் உள்நாட்டுப் பூசலால் அது தன்னுள்ளே பிளந்தது. 1591 மார்ச்சில் மொறொக்கோவின் துப்பாக்கிப் படை பாலைவனத்தைத் தாண்டிவந்து தொண்டிபி என்னுமிடத்தில் அதனை முறித்தது. அதே 1591 ஒக்டோபரில் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடோ மன்னார் வழியே சென்று நல்லூரைக் கைப்பற்றினான். புவிராச பண்டாரம் கொல்லப்பட, எதிர்மன்னசிங்கன் அரியணை ஏற்றப்பட்டான். 1619 இல் எஞ்சியதும் போயிற்று. சங்கிலி குமாரன் கோவாவிற் கொல்லப்பட்டான்.

“துப்பாக்கி வெளியிலிருந்து வந்தது, காக்கை வன்னியன் உள்ளிருந்து காட்டிக்கொடுத்தான்” என்று பாடத்தை முடிப்பேன். மேடை நாடகங்களிற் பார்த்து வளர்ந்த முடிவு அது.

சில ஆண்டுகளின் முன் ஒரு மாணவி எழுந்தாள். தோட்டவெளிப் பக்கத்துப் பிள்ளை. “சேர், 1544 ஐச் சொல்லவில்லையே?”

சொல்லவில்லைத்தான். பிரான்சிசு சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார்க் குடிகளை முதலாம் சங்கிலி மன்னன் வெட்டுவித்த ஆண்டு அது. இறந்தோர் ஏறத்தாழ 600 பேர் என்பர். என் பாடக் குறிப்பில் இஃது இருந்தது. ஆண்டுதோறும் அப்பக்கத்தைப் புரட்டிவிடுவேன். வகுப்பிற் பாதிப்பேர் கத்தோலிக்கர், அவர் மனம் புண்படலாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். சைவச் சூழலில் வளர்ந்தவன் நான். சங்கிலி எம் வீரன். புண்பட அஞ்சியது என் மனமே.

அன்று சொன்னேன். மன்னனின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்க்கரையிலே பரதவர் மதம் மாறியதும் முத்துக்குளிப்பின்மேற் போர்த்துக்கேயரின் கை ஓங்கியமை அவன் காலத்தில் நடந்ததே. மன்னாரும் அவ்வழியே போகும் என அவன் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் வெட்டுண்டோர் பகைவனின் படைவீரர் அல்லர். அவன் ஆட்சிக்குட்பட்ட குடிகள். எந்தக் கரைக்காக அஞ்சினானோ அந்தக் கரை 1560 இற் கைநழுவியது. அக்கொலையையும் ஒரு காரணமாகக் காட்டி வந்த போர்த்துக்கேயர் மன்னாரைக் கைக்கொண்டு கோட்டை கட்டினர். காட்டிக்கொடுத்தவனைத் தேடிய நான், அதற்கு முன்னரே அரசன் தன் கையாற் பிளந்த பிளவைப் பாராது விட்டிருந்தேன்.

“எங்கட அம்மம்மா சங்கிலியின் பெயரை வீட்டிற் சொல்ல விடமாட்டா” என்றாள் அம்மாணவி.

“எங்கட வீட்டில் அவருடைய படம் மாட்டியிருக்கு” என்றான் பின்னாலிருந்த ஒரு பையன்.

இருவருக்கும் என்ன விடை சொல்வதென்று தெரியாது சிறிது நேரம் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை, கொல்லப்பட்டோர் நினைவாகத் தோட்டவெளியில் அமைந்த ஆலயத்துக்கு வகுப்பை அழைத்துச் சென்றேன். அம்மாணவியே வழிகாட்டினாள். வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, படம் மாட்டிய வீட்டுப் பையன் எனக்கு முன்னரே உள்ளே போயிருந்தான்.