மீன்தோல் தைத்த ஊர்

தோங்ஜியாங்குக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை வண்டிக்காரர்கள் முதலில் இறக்கிவிடுவது ஒரு நெடுஞ்சாலையின் தொடக்கத்தில். தென்கோடியில் ஹைனான் தீவின் சான்யா வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சாலைக்கு இந்த ஊர்தான் பூஜ்யம் கிலோமீட்டர். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து இரண்டு ஆறுகள் கூடும் இடம், அப்புறம் ரஷ்யாவுக்குப் போகும் ரயில் பாலம், மதியம் மீன் சாப்பாடு, மாலையில் ஊர் திரும்பல். இந்த வரிசையில் ஊரின் ஆகப் பெரிய சொத்துக்கு இடமே இல்லை. ஜியாமுசியில் ஆசிரியராகப் பல ஆண்டுகள் குடியிருந்தவன் நான். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நான்கு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்து பழகியவன். அந்த வரிசையை மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

சீனாவின் வடகிழக்கு மூலையில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், சோங்ஹுவா ஆறு ஆமூரில் விழும் முனையில் இருக்கிறது தோங்ஜியாங். ஆமூரைச் சீனர்கள் ஹெய்லோங்ஜியாங் என்கிறார்கள், மாகாணத்தின் பெயரும் அதுவே. ஆமூரின் நீர் காட்டு மக்கு கலந்து கறுத்துத் தெளிந்திருக்கும். சோங்ஹுவா சமவெளி வண்டலைச் சுமந்து மஞ்சளாக வரும். இரண்டும் சேர்ந்த பிறகும் உடனே கலப்பதில்லை. பக்கம் பக்கமாக, நடுவே கோடு கிழித்தபடி வெகுதூரம் ஓடுகின்றன. கோடை வெயிலில் கரையில் நின்றால் அந்தக் கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போகலாம். எதிர்க்கரை ரஷ்யாவின் யூதத் தன்னாட்சி மாகாணம். ஸ்டாலின் காலத்தில் யூதர்களுக்கென்று சோவியத் அரசு ஒதுக்கி, 1934-இல் தன்னாட்சி மாகாணமாக்கிய நிலம் இந்தக் குளிர்ச் சதுப்புதான் என்பது பலருக்குத் தெரியாது.

ஊரின் பழைய பெயர் லஹாசுசு. சிங் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் நிர்வாகத் தலைமையிடமாகி, 1914-இல் தோங்ஜியாங் என்று பெயர் பெற்று, 1987-இல் நகரமானது. 1929 அக்டோபரில் சோவியத் ஆற்றுப்படைக்கும் சீனப் படகுப்படைக்கும் இந்த முனையில் சண்டை நடந்து சீனத் தரப்பு தோற்றது. ஆவண வரலாறு இவ்வளவு போதும்.

லஹாசுசு என்று பெயர் வைத்தவர்கள் ஹெஜே மக்கள். சீன அரசு அங்கீகரித்த 55 சிறுபான்மை இனங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. மொத்தமே ஐயாயிரத்துச் சொச்சம் பேர். எதிர்க்கரையில் இதே மக்களுக்கு நானாய் என்று பெயர், அங்கே சுமார் 12,000 பேர். அகிரா குரோசவாவின் 'தெர்சு உசாலா' பார்த்தவர்களுக்கு அந்தக் காட்டு வழிகாட்டியை நினைவிருக்கும். 1975-இல் வந்து ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தின் தெர்சு ஒரு நானாய். இவர்கள் ஆற்றை நம்பியே வாழ்ந்தவர்கள். உணவு மீன், விளக்குக்கு எண்ணெய் மீனிலிருந்து, பசை மீனின் காற்றுப்பையிலிருந்து, உடுப்பு மீனின் தோலிலிருந்து. அதனால் சிங் காலத்து அதிகாரிகள் இவர்களை 'மீன்தோல்காரர்கள்' என்றே ஏளனமாக எழுதிவைத்தார்கள். அந்த ஏளனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பனி உறைந்த ஆற்றில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு அதைவிட நல்ல உடுப்பை எந்த அரண்மனைத் தையற்காரனும் தைத்திருக்க முடியாது.

அந்தத் தையலைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து ஆற்றேறி வரும் சால்மன் மீன், உள்ளூர்ப் பேச்சில் தமாஹா. அதன் தோல் மேலங்கிக்கு. நீள்வாய் பைக் மீனின் தோல் காற்சட்டைக்கு. மீனைத் தலைக்குக் கீழே கீறி, மரத்திலோ எலும்பிலோ செய்த மழுங்கல் கத்தியால் சதையை விட்டுத் தோலை உரிக்கிறார்கள். கூரிய இரும்பு பட்டால் தோல் கிழிந்துபோகும். உரித்ததைப் பலகையில் விரித்து நிழலில் காயவிடுகிறார்கள். காய்ந்த தோல் தகரம் மாதிரி விறைத்து, தட்டினால் சத்தம் கொடுக்கும். பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே இதை உடுக்க முடியுமா என்று சந்தேகப்படுவார்கள்.

வேலை அதற்குப் பிறகுதான். செதிலைச் சுரண்டி எடுத்து, சோளமாவைத் தூவி, மரக்கட்டையில் வைத்து மரச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். மாவு மீனெண்ணெயைக் குடித்துக்கொள்ளும். அடிக்க அடிக்க நாற்றமும் போகும், விறைப்பும் போகும். பெரிய தோல் என்றால் பள்ளம் வெட்டிய கட்டையும் அதில் ஏறி இறங்கும் மரக் கைப்பிடியுமாக ஒரு கருவி உண்டு. ஒருத்தி கைப்பிடியை ஏற்றி இறக்க, இன்னொருத்தி தோலைச் சுருட்டித் திருப்பித் திருப்பிக் கொடுப்பாள். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். மணிக்கணக்கில் இப்படி நசுக்கிய பிறகு கையில் எடுத்தால் அது துணியாகியிருக்கும். செதில் இருந்த தடங்கள் மட்டும் வரிவரியாக நிற்கும். முதுகுப்பக்கக் கருமையும் வயிற்றுப்பக்க வெளுப்பும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தோல்களை அடுக்கி இணைப்பதில்தான் தைப்பவளின் கண் தெரியும். தைக்கும் நூலும் மெல்லியதாக நறுக்கிய மீன்தோலே. பொத்தான் மீனெலும்பு. கழுத்திலும் கைவிளிம்பிலும் மேகச் சுருள் வடிவங்களை வெட்டி ஒட்டித் தைப்பார்கள், பூச்சாற்றில் சாயம் ஏற்றுவதும் உண்டு. ஓர் ஆளுக்கான முழு உடுப்புக்குப் பத்துக்கணக்கில் பெரிய மீன்கள் வேண்டும். பாதத்துக்கு மீன்தோல் காலணி, அதற்குள் வெதுவெதுப்புக்கு உலா என்ற கோரைப்புல்லை அடித்துத் திணிப்பார்கள். நீர் இறங்காது, பனி ஒட்டாது, எடை கிடையாது.

2006-இல் சீனா வெளியிட்ட தேசிய மரபுரிமைப் பட்டியலின் முதல் வரிசையிலேயே இந்தத் தொழில் இடம்பெற்றது. தோங்ஜியாங்கின் யோ வென்ஃபெங் என்ற அம்மையார் இதற்கான தேசிய அளவிலான மரபாளராக அங்கீகரிக்கப்பட்டார். ஊரின் பெயரை உலகம் கேட்டதென்றால் அவரைப் போன்ற பெண்களின் விரல்களால்தான்.

ஹெஜே மொழிக்கு எழுத்து இல்லை. அதனால் கதை முழுக்க வாயில் இருந்தது. யீமாகான் என்ற அந்தக் கதைப்பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. ஓர் ஆள் உட்கார்ந்து பேச்சும் பாட்டுமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போவார். குளிர்கால இரவு நீளமானது, ஆறு உறைந்துவிட்டது, வலைக்கு வேலையில்லை. ஒரு வீரன் பகைவரை வென்று ஊர் திரும்பும் கதை நாள்கணக்கில் ஓடும். லிங் சுன்ஷெங் என்ற மானுடவியலாளர் 1930-இல் இந்தக் கரையில் மாதக்கணக்கில் தங்கி, கேட்ட கதைகளில் 19-ஐ எழுதிக்கொண்டார். சோங்ஹுவாவின் கீழ்க்கரை ஹெஜே மக்களைப் பற்றி 1934-இல் வந்த அவருடைய நூலைச் சீனாவின் நவீன இனவரைவியலுக்கு அடித்தளம் என்பார்கள். அவர் வராதிருந்தால் அந்தக் கதைகளில் பெரும்பாலானவை காற்றோடு போயிருக்கும். ஏனென்றால் அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானிய ஆட்சி இம்மக்களை ஆற்றங்கரையிலிருந்து பிரித்துச் சதுப்புநிலத்துக்குள் கொண்டுபோய் அடைத்தது. மீன்பிடிக்க வழியில்லை, நோய்க்கு மருந்தில்லை. போர் முடிந்தபோது சீனக் கரையில் மிஞ்சியவர்கள் முந்நூறு பேரளவுதான். 2011-இல் யுனெஸ்கோ யீமாகானை அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தபோது, மரபான கதைகளை முழுதாகச் சொல்லத் தெரிந்த மூத்த கலைஞர்கள் ஐந்தே பேர்.

ஊரைப் பார்க்க நல்ல காலம் எது என்று கேட்பவர்களுக்கு நான் ஏப்ரல் கடைசியைச் சொல்வேன். நவம்பரில் உறைந்த ஆறு அப்போதுதான் உடையும். சில ஆண்டு சத்தமில்லாமல் உருகிப் போகும். சில ஆண்டு பாளம் பாளமாக வெடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரையை இடிக்கும். முதலில் வலையில் விழும் மீனுக்கு ஊரில் தனி மதிப்பு, குளிர்காலம் முழுக்க இரையெடுக்காத மீன் என்பதால் சதை அவ்வளவு சுத்தம். அதை மெல்லிய கீற்றாக நறுக்கிப் புளிக்காடியில் ஊறவைத்து, உருளைக்கிழங்குச் சீவல், முளைப்பயறு, மிளகாயெண்ணெய் சேர்த்துப் பிசைந்து பச்சையாகவே தருவார்கள். தயங்காமல் சாப்பிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆற்று மீனைப் பச்சையாகத் தின்பதில் ஒட்டுண்ணி ஆபத்து உண்டு. தோல் மட்டும் வாட்டிய மீனும், வறுத்து உதிர்த்த மீன்பொடியும் இருக்கின்றன. அந்தப் பொடி சுடுசோற்றுக்கு அமிர்தம்.

தமாஹா வருவது செப்டம்பரில், சீன நாள்காட்டியின் வெண்பனித்துளிப் பருவத்தையொட்டி. ஆமூரின் கழிமுகத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல் போட்டு வரும் மீன் அது. முன்பு அந்த வாரங்களில் ஊரே ஆற்றில் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது வருவது மிகக் குறைவு. கடலிலிருந்து ஏறும் வழியெல்லாம் வலை. ஆமூரின் ராஜா என்று சொல்லத்தக்க கலுகா மீன், ஐந்து மீட்டருக்கு மேலும் ஆயிரம் கிலோ வரையும் வளரக்கூடியது, இன்று அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது. அதன் முட்டைக்காக மனிதர்கள் செய்த வேலை. 2021 முதல் சீனாவில் காட்டுக் கலுகாவுக்கு முதல்நிலைப் பாதுகாப்பு. பக்கத்தில் ச்சின்தெலியில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடுகிறார்கள். அந்தப் பணியை மனமாரப் பாராட்ட வேண்டும்.

மீன் குறைந்ததற்கு வலை மட்டும் காரணமில்லை. 1950-களிலிருந்து படைவீரர்களையும் பின்னர் நகரத்து இளைஞர்களையும் கொண்டுவந்து சான்ஜியாங் சமவெளியின் சதுப்பை வடித்து நெல்லும் சோயாவும் விதைத்தார்கள். நாட்டுக்குச் சோறு கிடைத்தது, மீன் குஞ்சு பொரிக்கும் நீர்நிலைகள் பெரும்பகுதி போயின. 2005 நவம்பரில் மேலே ஜிலின் நகரின் ரசாயன ஆலை வெடித்தபோது சுமார் 100 டன் பென்சீன் வகை நச்சு சோங்ஹுவாவில் இறங்கியது. டிசம்பர் நடுவில் பனிக்கடியில் தோங்ஜியாங்கைக் கடந்து ஆமூருக்குள் போனது. 2013 ஆகஸ்டில் பாச்சா கிராமத்தருகே கரை உடைந்து ஹெஜே வீடுகளெல்லாம் நீரில் நின்றன. பிறகு அங்கே கட்டித் தந்த புது வீடுகள் உறுதியானவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில். 2022 நவம்பர் 16-இல் எதிர்க்கரை நிஷ்னெலெனின்ஸ்கோயேவுக்கு ரயில் பாலம் திறந்தது. 2.2 கிலோமீட்டர் நீளம், இரு நாட்டின் இருவேறு அகலத் தண்டவாளமும் உள்ள பாலம், ஆமூரின் மேல் இரு நாடுகளையும் இணைத்த முதல் ரயில் பாலம். சீனப் பக்கத்து வேலை 2018-இலேயே முடிந்தும் வருடக்கணக்கில் காத்திருந்தது. இரும்புத்தாது வருகிறது, பெட்டி பெட்டியாகச் சரக்கு போகிறது. எல்லாம் ஊரைத் தாண்டிப் போகிறது. கடைத்தெருவில் ரஷ்ய எழுத்துப் பலகைகள் வெளுத்துத் தொங்குகின்றன. 2010-க்கும் 2020-க்கும் இடையே மாகாணம் இழந்த மக்கள் 64 லட்சத்துக்கும் மேல். தோங்ஜியாங்கின் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களில் இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட ஊருக்குத் திரும்பவில்லை.

ஆற்றங்கரைக்குப் போனால் கான்கிரீட் படி, சிலை, ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியில் 'உசூரி படகுப் பாட்டு'. அந்த மெட்டு ஹெஜே நாட்டுப்புறப் பாடலிலிருந்து எடுத்தது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு ஹெஜே ஊராட்சி வழக்குப் போட்டு, 2003-இல் பெய்ஜிங் உயர் நீதிமன்றம் வரை போய் வென்றது. பாட்டைப் பெற நீதிமன்றம் போக வேண்டியிருந்த மக்களின் மொழி இந்தக் கரையில் எங்கும் காதில் விழாது. மின்கம்பத்தில் மேகச் சுருள், பேருந்து நிறுத்தத்தில் மேகச் சுருள். பேச்சு மட்டும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெஜே மக்களின் வூரிகோங் விழா வரும், 1985-இல் தொடங்கியது. மேடை போடுவார்கள், பிரிப்பார்கள். விழா முடிந்த மறுநாள் ஒரு பிள்ளைக்கு ஒரு கதை சொல்லித்தர ஆளும் இல்லை, சம்பளமும் இல்லை.

நாற்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஜியேஜின்கோ என்ற ஹெஜே ஊர். மீன்தோல் வேலையைக் கண்ணால் பார்க்க அங்கேதான் போக வேண்டும். போக ஒழுங்கான பேருந்து இல்லை. மதியத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால் வாடகை வண்டிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான். கடைகளில் தொங்குபவை சட்டம் போட்ட மீன்தோல் படங்கள்: புலி, முயல், நாடக முகமூடி. அலுவலகங்கள் அன்பளிப்புக்கு மொத்தமாக வாங்குகின்றன. தோல் பண்ணை மீனுடையது. ஓர் அங்கியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அங்கே ஒரு மூதாட்டியைக் கேட்டேன். "தொடுப்பா, தாராளமா தொடு. இது கண்ணாடிப் பெட்டிக்குத் தைச்சது. எங்க அம்மா தைச்சது ஆத்துக்கு" என்றார். ஒரு மாதம் ஆகிற அங்கியை யார் வாங்குவார்கள், படத்தை ஒரு நாளில் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் இருவரும் தெற்கே தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள்.

நான் பார்த்த ஒரு காட்சிக்கூடத்தில் மீன்தோல் உடுப்புக்கு அருகே வைத்த அட்டையில் தைத்தவர் பெயர் இல்லை, எந்த மீனின் தோல் என்றுகூட இல்லை. விளக்கு நேராக அடித்துத் தோல் பழுத்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. சிலைக்குச் செலவிடுகிற ஊர், அந்த விளக்கை மாற்றவும் நான்கு வரி எழுதி வைக்கவும் முடியாதா? தைக்கிற பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பள்ளியில் வாரம் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கலாம். குஞ்சுபொரிப்பு நிலையத்தில் இறந்துபோகும் பெரிய மீன்களின் தோலை அவர்களுக்கே கொடுக்கலாம். கோடையில் துறையிலிருந்து எதிர்க்கரைக்குக் கப்பல் போகிறது, குளிரில் உறைந்த ஆற்றின் மேல் மிதவைப் பாதையில் வண்டி ஓடுகிறது. தாது வர அனுமதி இருக்கிறது. மொழி இன்னும் நாவில் உள்ள நானாய் முதியவர்கள் நான்கு பேரை ஒரு பருவம் இங்கே வந்து தங்கவைக்கும் அனுமதியையும் இந்த ஊர் நிர்வாகம் கேட்டு வாங்க வேண்டும், அதையும் இந்த ஆண்டே.