அரை அங்குலம் பெரிய டயர்

லுணுகலையில் ஒருவர் ஹைபிரிட் கார் வாங்கிவிட்டால், கார் நல்ல நிறமா, என்ன விலை என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. "லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" அதுதான் முதல் கேள்வி. இருபது, இருபத்திரண்டு என்று பதில் வரும். மட்டக்களப்புப் பக்கம் போய் வந்தவர் இருபத்தைந்து என்பார். பொய் என்று சொல்ல முடியாது; கார் தானே திரையில் காட்டுகிற எண். பொய் சொன்னால் கார்தான் சொல்ல வேண்டும். அதுவும் சில நேரம் சொல்கிறது என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

இந்த எண் மீது எங்களுக்குப் பித்துப் பிடித்தது 2022இல். அந்த வருடம் ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அடுத்த மாதம் கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். கையில் இருபது லீற்றரை வைத்துக்கொண்டு பதுளைக்கு எத்தனை தரம் போய் வரலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்குத்தான் ஒரு லீற்றரின் அருமை தெரியும். அதுவரை 'பொம்பளப் புள்ளைங்க கார்' என்று சிரித்தவர்களெல்லாம் டொயோட்டா அக்குவா எங்கே கிடைக்கும் என்று தேடினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே கிடைத்ததெல்லாம் இரண்டு மூன்று கை மாறிய கார்தான்.

அக்குவா 2011 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த திருத்திய காருக்கு ஜப்பானியப் பட்டியலில் போட்டிருந்த எண் லீற்றருக்கு 37 கிலோமீற்றர். அறைக்குள்ளே உருளைகள் மேல் ஓட்டிப் பார்த்த எண் அது. அந்த அறையில் பசறை ஏற்றமும் இல்லை, லுணுகலை மழையும் இல்லை.

இனி டயருக்கு வருவோம். எங்கள் பக்கம் ஓடும் பெரும்பாலான அக்குவாக்களுக்குக் கம்பனி போட்ட அளவு 175/65R15. அகலம் 175 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், அதாவது 114 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே பதினைந்து அங்குல ரிம். எல்லாம் சேர்த்தால் டயரின் விட்டம் 608 மில்லிமீற்றர் சொச்சம். இந்த அளவுதான் பல நாள் கிடைக்காமல் போனது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு இருந்ததால், கடையில் என்ன தொங்குகிறதோ அதுதான் உங்கள் அளவு. என் அக்குவாவின் டயர்களின் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடி, கம்பி தெரியாத குறைதான் என்ற நிலையில் பதுளையில் ஒரு கடைக்குப் போனேன்.

"சேர், அந்த சைஸ் இல்ல. 185/65 இருக்கு. போடுறீங்களா?"

"இடிக்காதா தம்பி?"

"எத்தனை அக்குவாவுக்குப் போட்டிருக்கோம். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவோம். பெற்றோல் மட்டும் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

அவர் சொன்னபடியே சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, மட்காட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் தாராளமாகப் போய் வந்தது. டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்க எண்ணையும் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். கறுப்பாகப் பளபளக்கிற டயர் கடையிலேயே கிழடாகிக் கிடந்ததா என்பது அங்கேதான் தெரியும். நல்ல கடைக்காரர்.

பெற்றோல் கூடக் குடிக்கும் என்றாரே, அதுவும் திரையில் உடனே தெரிந்தது. அதே ரோடு, அதே ஓட்டம், ஆனால் எண் இறங்கியிருந்தது. ஹயர் ஓடும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, டயர மாத்திக் காசக் கரியாக்கிட்டீங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. மறு பாதிக்குத்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

185/65R15 டயரின் விட்டம் 621 மில்லிமீற்றர் சொச்சம். பழையதைவிடப் பதின்மூன்று மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ அரை அங்குலம் பெரிது. நூற்றுக்கு இரண்டு வீதம். கார் எவ்வளவு தூரம் ஓடியது என்று எண்ணுவது சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை வைத்துத்தான். பழைய டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1,912 மில்லிமீற்றர் போனது. புதியது 1,952 போகிறது. காரின் கணினிக்கு இது தெரியாது. அது பழைய கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும். கிலோமீற்றர்க் கல்லைப் பார்த்து ஐம்பது கிலோமீற்றர் ஓட்டினால், மீற்றரில் நாற்பத்தொன்பதுதான் விழும். குடித்த பெற்றோல் குடித்ததுதான். ஓடிய தூரம் மட்டும் குறைத்து எழுதப்படுகிறது. லீற்றருக்கு இருபது ஓடும் கார் 19.6 என்று காட்டும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிப்பார்களே, அப்படி. பறித்த கொழுந்து குறையவில்லை, செக்ரோலில் விழும் எண்தான் குறைந்தது.

வேக முள்ளும் இதே கணக்குத்தான். முள் 60 காட்டும்போது முன்பைவிட ஒன்றேகால் கிலோமீற்றர் கூட வேகத்தில் போகிறோம். எங்கள் முடக்குகளில் அறுபதைத் தொடுகிறவர் குறைவு என்பதால் இதை விட்டுவிடலாம். மகாஓயாப் பக்கம் நேர் ரோட்டில் பொலிஸ்காரர் கையில் கருவியோடு நிற்கும்போது ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ஆக, இறங்கிய எண்ணில் முதல் இரண்டு வீதம் வெறும் எழுத்துப் பிழை. அதற்கு மேலும் இறங்கியிருந்தால் அதுதான் உண்மையான இழப்பு. அதுவும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பெரிய டயரில் ரப்பர் கூட, எடை கூட. நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு தரமும் அந்த எடையைச் சுழற்ற வேண்டும். அகலமும் பத்து மில்லிமீற்றர் கூட என்பதால் காற்றும் கொஞ்சம் கூடத் தடுக்கும். ஆனால் அளவைவிட முக்கியமானது டயர் என்ன சாதி என்பது. உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்வதில் சக்தி சூடாகப் போகிறது. ஜப்பானில் 2010இலிருந்து இந்த உருளல் தடைக்கு டயரில் தரம் போட்டு விற்கிறார்கள். ஈரத்தில் பிடிக்கும் தன்மைக்குத் தனியாக இன்னொரு தரம். உருளல் தடை பத்து வீதம் கூடினால் எரிபொருள் ஒன்றிலிருந்து இரண்டு வீதம் கூடும் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. காருடன் வந்த சிக்கன டயரைக் கழற்றிவிட்டுக் கிடைத்த டயரைப் போடுகிறோம். பிறகு அளவைக் குறை சொல்கிறோம். அதே 175ஐ வேறு சாதியில் போட்டிருந்தாலும் எண் இறங்கித்தான் இருக்கும்.

சரி, இன்னொரு இரண்டு வீதம் உண்மையாகவே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குவாவின் தாங்கி 36 லீற்றர். அதில் இரண்டு வீதம் முக்கால் லீற்றருக்கும் குறைவு. 470 ரூபா விற்ற அந்தக் கெட்ட காலத்திலேயே ஒரு தாங்கிக்கு 340 ரூபாதான். இந்தத் தொகையைக் குழி விழுந்த ரோட்டில் ஒரு ரிம் நெளிந்தால் ஆகும் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையில் எங்கள் பக்கம் பெற்றோலைத் தீர்மானிப்பது டயரே இல்லை, மலை. ஹைபிரிட் கார் இறக்கத்தில் மின்சாரம் சேர்க்கும், ஆகவே மலைநாட்டுக்கு அதுதான் ஏற்றது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். சேர்க்கும், ஆனால் சேர்த்து வைக்க இடம் வேண்டுமே. அக்குவாவின் மின்கலம் முழுவதாக நிறைந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் கூடப் பிடிக்காது. அதிலும் நடுப்பகுதியில் பாதிக்கும் குறைவானதைத்தான் கணினி பயன்படுத்த விடும். மூன்று பேர் இருக்கும் கார் நூறு மீற்றர் உயரம் இறங்கினால் விடுபடும் சக்தியே மூன்றில் ஒரு யூனிட். லுணுகலையிலிருந்து ஹொப்டன் வழியாகப் பிபிலைக்கு இறங்கிப் பாருங்கள். பாதி வழிக்கு முன்பே கட்டமெல்லாம் பச்சையாகி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு கியரை 'B'யில் போட்டால் பெற்றோல் எரியாமலே என்ஜின் உறுமி வேகத்தைப் பிடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கராஜுக்கு ஓடியதுண்டு. மீதி சக்தியெல்லாம் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. ஏறும்போதோ என்ஜின் ஓயாமல் ஓட வேண்டும். பெரிய டயரோடு ஏற்றத்தில் நின்று கிளம்பினால் அது ஒரு கணம் முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் நான் கண்ட வித்தியாசம்.

சொகுசு என்பது வேறு கதை. செங்கலடிக்குப் போகும் பெரிய ரோட்டை மட்டும் பார்த்தால் டயரைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அதை விட்டு எந்தத் தோட்டத்துக்குள் திரும்பினாலும் வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்த ரோடுதான். தாரைக் கண்ட இடங்களில் தார் உரிந்து கல் தெரிகிறது. காணாத இடங்களில் கல் உரிந்து மண் தெரிகிறது. குறுக்கே கான். மழைத் தண்ணீர் கானை விட்டு ரோட்டில் ஓடிய தடம் ஒரு பக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்த பிறகு, முன்பு நன்றாக இருந்த இடங்களும் இப்படியாகிவிட்டன. இந்த ரோட்டில் டயரின் பக்கச் சுவர்தான் முதல் ஸ்பிரிங். 185/65இல் அது 120 மில்லிமீற்றர், முன்பைவிட ஆறரை மில்லிமீற்றர் கூட. தரையிலிருந்து காரும் அதே ஆறரை மில்லிமீற்றர் உயர்கிறது. அக்குவாவின் வயிறு தரைக்கு மேலே 140 மில்லிமீற்றர்தான். அதில் ஆறரை என்பது ஒரு பென்சில் தடிப்பு. ஆனால் கல்லொன்று வயிற்றை உரசிப் போவதற்கும் உரசாமல் போவதற்கும் நடுவே பென்சில் தடிப்புத்தான் இருக்கும் இடங்கள் எனக்கு லயத்துக்குப் போகும் வழியில் நிறையத் தெரியும்.

அம்மாவுக்கு முதுகு வலி. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போய் வரும்போது பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார்ந்து வருவார். டயர் மாற்றியதை நான் சொல்லவில்லை. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியதும் வழக்கமாக முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறவர், அன்று ஒரு கையை எடுத்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். "மெதுவா ஓட்டுறியோ?" என்று கேட்டார். வழக்கம்போலத்தான் ஓட்டினேன்.

இதற்கு நேர் எதிராகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஹயர்ப் பையன் பதினாறு அங்குல அலோய் ரிம்மில் 195/50 போட்டு வந்தான். பார்க்க அழகு, மறுக்க மாட்டேன். கல்யாண ஹயருக்கு மாலை போட்டு நிறுத்தினால் கண்ணை இழுக்கும். ஆனால் அந்த டயரின் பக்கச் சுவர் 97 மில்லிமீற்றர் சொச்சம்தான். பழையதைவிடப் பதினாறு மில்லிமீற்றர் மெத்தை போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அதன் விட்டம் பழைய டயரைவிட ஒரு வீதம் சின்னது. ஆகவே மீற்றர் கூட்டி எண்ணுகிறது. உண்மையில் ஓடாத தூரத்துக்கும் சேர்த்து மைலேஜ் காட்டும். பாரமான ரிம்மோடு பெற்றோலைக் கூடக் குடித்துக்கொண்டே, திரையில் ஒன்றும் குறையாத மாதிரி தெரியும். "பாத்தீங்களா, எனக்கு எறங்கவே இல்ல" என்று அவன் திரையைக் காட்டியபோது நான் கிலோமீற்றர்க் கல்லை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணியிருக்க மாட்டான். பிறகு ஒரு நாள் முன் டயரில் கோழி முட்டை அளவு கொப்புளம். குழியின் விளிம்பில் ரிம்மும் கல்லும் நடுவே டயரை நசுக்கி, உள்ளே நூல் அறுந்திருந்தது. அந்த டயருக்கு ஒட்டுப் போட முடியாது.

மைலேஜுக்காகக் காற்றைக் கூட்டி அடிக்கிற பழக்கம் அதைவிட மோசம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஜப்பானிய மொழியில் ஸ்டிக்கர் இருக்கும். எழுத்துப் புரியாவிட்டாலும் எண் புரியும். 230 கிலோபாஸ்கல் என்று இருந்தால் நம் கடைப் பம்பில் 33. அதை நாற்பதுக்கு ஏற்றினால் உருளல் தடை குறையும், உண்மைதான். டயர் நடுவில் மட்டும் தேயும், ஈர ரோட்டில் பிடிப்பும் குறையும். ஐப்பசி கார்த்திகையில் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையே மூடுபனியும் மழையும் சேர்ந்து நிற்கும்போது லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் கூடக் கிடைப்பது யாருக்கு வேண்டும்? 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து எங்கள் ஆட்கள் செத்துப்போனார்கள். டயருக்கும் அந்த விபத்துக்கும் முடிச்சுப் போட வரவில்லை. ஆனால் அந்த இடத்தைக் கடக்கும் எவரும் அப்போது மைலேஜ் திரையைப் பார்ப்பதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் டயர்க் கடையில் யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பல அக்குவாக்களில் ஸ்பெயார் சக்கரம் கிடையாது. டிக்கியின் அடியில் பங்சர் மருந்துப் போத்தலும் சின்னப் பம்பும்தான் வைத்து அனுப்பினார்கள். ஆகவே பழைய 175 டயர்களில் உருப்படியான ஒன்றை ரிம்மோடு டிக்கியில் போட்டு வைக்கிறோம். அதை முன்பக்கம் மாட்டக் கூடாது. முன் சக்கரங்கள்தான் காரை இழுக்கின்றன. ஒன்று பெரிது, ஒன்று சின்னது என்றால் நேர் ரோட்டில் கூட நடுவில் இருக்கும் கியர் ஓயாமல் சுற்றிச் சூடாகும். முன் டயர் பங்சரானால், பின்னால் இருக்கும் 185ஐக் கழற்றி முன்னுக்குப் போட்டு, சின்னதைப் பின்னுக்குப் போட வேண்டும். இரண்டு தரம் ஜாக் வைக்கிற வேலை. ஹொப்டன் பக்கம் ஒரு மழையில் இப்படிச் செய்துகொண்டிருந்தபோது, பஸ்ஸை மெதுவாக்கி எட்டிப் பார்த்த கொண்டக்டர், "சேர், பங்சரான டயர் முன்னுக்குங்க!" என்று கத்திவிட்டுப் போனார்.