பண்ணொலியைக் காத்துவைக்கும் இடம்

ஒலியென்பது தோன்றிய கணத்தே மறையும் இயல்பினது. அதனை நிறுத்திவைக்கும் கருவிகள் பல இந்நாளிற் கிடைக்கின்றன. நிறுத்தியதனை எங்கே வைப்பது என்னும் வினாவும் அவற்றோடு உடன்பிறந்தது.

விருதுநகர் மாவட்டத்திலே, சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டியில் வாழும் சைவ அன்பர் ஒருவர்க்கு இவ்வினா நேர்ந்தது. அவர்தம் தந்தையார் ஓதுவாமூர்த்தி ஒருவர்பால் முறையாகப் பண்ணிசை பயின்றவர். மார்கழி விடியலிலும் குருபூசை நாட்களிலும் ஊரார்க்கு முன்னின்று ஓதியவர். ஓதியவற்றை 40 கேசட்டுகளிற் பதிந்துவைத்துச் சிவபதம் எய்தினார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தது. வேறு படி யாண்டும் இல்லை. நாடாக்களிற் சிலவற்றின்மேற் பூஞ்சை படர்ந்திருந்தமை கண்டு அன்பர் அஞ்சி, அனைத்தையும் கணினிக்கு மாற்றுவித்தார். ஒலியைச் சுருக்காது வைப்பின் ஏறத்தாழ 24 ஜிபி. எம்பி3 என்னும் முறையாற் சுருக்கின் 2 ஜிபிக்குச் சற்று மிகும். திருவிழாக்களின் வீடியோப் பதிவுகளோ ஒரு மணி நேரத்திற்கே பல ஜிபி கொள்வன.

இனி எங்கே வைப்பது? சென்னையிற் பயிலும் மகள், ‘கிளவுடில் ஏற்றிவிடுங்கள் அப்பா, எங்கிருந்தும் கேட்கலாம்’ என்றாள். தமையனாரோ, ‘நம் வீட்டுப் பொருளைப் பிறர் வீட்டிற் கொண்டுவைப்பானேன்? ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிப் பூசையறைப் பீரோவில் வை, தம்பி’ என்றார்.

கிளவுட் என்னும் பெயர் மயக்கந் தருவது. அது வானத்தில் மிதப்பதன்று. பிறர் கட்டடத்தில், பிறர் கணினியில், அவர் விதித்த கட்டளைக்குட்பட்டு நம் பொருள் இருத்தலே அதன் இயல்பு. கூகுள் நிறுவனம் விலையின்றித் தருவது 15 ஜிபி. ஈராண்டு எவ்வகையானும் பயன்படுத்தாத தனியார் கணக்கை அழிக்கலாம் என்பது 2023-இல் அந்நிறுவனம் வகுத்த விதி. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 2015 வரை பன்னீராண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த இசைப்பதிவுகள், வேறு கணினிக்கு மாற்றும்பொழுது அழிந்தன என 2019-இல் வெளிப்பட்டது. 2021 மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு தேயத்து ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கணினிமனை எரிந்தது. காப்புப்படியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். அதுகொண்டு தமையனார் கூற்றே வென்றதெனல் பொருந்தாது. ஹார்டு டிஸ்க் கைதவறி ஒருமுறை வீழ்ந்தாற் போதும். வீழாதேயும் சில ஆண்டுகளிற் பழுதுறும்.

இவ்விடத்துத் தில்லையில் நிகழ்ந்ததனை நினைதல் தகும். மூவர் தேவார ஏடுகள் கூத்தப்பெருமான் சந்நிதியின் பின்புறத்து அறையொன்றிற் பூட்டி முத்திரையிடப்பட்டிருந்தமையும், நம்பியாண்டார்நம்பிகள் வழிகாட்ட மன்னன் அதனைத் திறப்பித்தபொழுது புற்று மூடிப் பெரும்பகுதி அழிந்திருந்தமையும் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வறை காவலிற் குறைந்ததன்று. காவல் மிக்கிருந்தமையாலேயே உள்ளே நிகழ்ந்த அழிவை ஒருவரும் அறிந்திலர். சொல் அவ்வாறு ஏட்டினின்றும் எஞ்ச, பண்ணோ ஏட்டில் இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரிடமிருந்து அது பெறப்பட்டது என்பதும் அப்புராணத்துச் செய்தியே. ஏடுகளிற் காணப்பெறாத திருவிடைவாய்த் திருப்பதிகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தலத்துக் கல்வெட்டினின்றும் கிடைத்தமை சைவர் யாவரும் அறிந்தது. ஆகவே ஏட்டில் ஒன்றும், கல்லில் ஒன்றும், மிடற்றில் ஒன்றுமாக நின்றமையாலன்றோ இத்துணையேனும் நமக்கு எய்திற்று! முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேரை நியமித்து, உடன் கொட்டுவார் இருவரையும் சேர்த்து, ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வகுத்தான். அவருள் இறந்தார்க்கும் புலம்பெயர்ந்தார்க்கும் ஈடாக யாவர் ஓதுதல் வேண்டும் என்பதும் அக்கல்வெட்டிலேயே உண்டு. வைப்பிடம் எது என்பதனோடு அடுத்த காவலர் யாவர் என்பதனையும் அவ்வரசன் எண்ணினான் என்க.

அன்பர் பட்டாசு ஆலையொன்றிற் கணக்கெழுதுபவர். ஆலையின் அறைகள் சிறியனவாய், ஒன்றற்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பெற்றிருத்தலை நாள்தோறும் காண்பவர். ஓரறையில் இத்துணை மருந்தே இருக்கலாம், இத்துணைப் பேரே இருக்கலாம் என வரையறை உண்டு. ஒன்று தீப்பற்றினும் மற்றையது பிழைத்தற்பொருட்டு. தமையனாரும் அத்தொழிலில் ஊறியவராதலின், இதனை எடுத்துரைத்தபொழுது மேலும் வழக்காடினாரல்லர்.

முடிவில் இவ்வாறு செய்தனர். சுருக்காத பதிவுகள் முழுவதும் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்றும், சென்னையில் மகளிடம் ஒன்றுமாக இருபடி. சுருக்கிய பதிவுகள் கிளவுடில். விலையின்றித் தரும் இடமே அதற்குச் சாலும். வீடியோக்களில் தந்தையார் ஓதுங் காட்சியுள்ளவை மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டன. தேரும் கூட்டமுமாய் நின்ற எஞ்சியவை வீட்டளவில் நின்றன. அவை அழியின் அழிக என்று அன்பர் துணிந்தது சிறிது கடுமையே. ஆயினும் எல்லாவற்றையும் காக்க முயல்வோர் எதனையும் திறந்து பாராமை உலகியல்பு. கணக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி நிலப்பத்திரங்களோடு வைத்து, மகளுக்கும் தமையனார்க்கும் அவ்விடத்தை அறிவித்தார். பழைய நாடாக்களையும் எறிந்தாரல்லர். உலர்ந்த பெட்டியொன்றில் அவை இருக்கின்றன.

பிரதோஷந்தோறும் மாலையில் ஒரு பதிவு முழுவதையும் வீட்டார் கூடியிருந்து கேட்பது அதன்மேல் வழக்கமாயிற்று. அவ்வாறு கேட்டுவருங்கால், 23-ஆம் பதிவிலே காந்தாரப் பண்ணில் தந்தையார் குரல் எழுந்து செல்லும் நடுவே ஒலி சட்டென நின்றது. வீட்டுப் படி அவ்விடத்திற் சிதைந்திருந்தது. அன்றிரவே சென்னைக்குத் தொலைபேசியிற் சொல்லி, மகள் தன் படியைக் கேட்டுப் பார்க்க, அதில் அப்பதிகம் முட்டின்றி இறுதிவரை சென்றது. மறுநாள் அது புதுப்பட்டிக்கு வந்து சேர்ந்தது.