கூட்டலும் கழித்தலும்

நியூ ஜெர்சியில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வரவேற்பறையில், கறுப்புக் கண்ணாடி முகப்பில் எழுத்துகள் நீலமும் பச்சையுமாக ஒளிர வீற்றிருக்கும் மக்கின்டாஷ் எம்.ஆர். 78 என்னும் எஃப்.எம். வானொலி ட்யூனரை அண்மையில் தரிசித்தேன். வால்வுகளின் யுகம் அஸ்தமித்து டிரான்சிஸ்டரின் ஆதிக்கம் ஸ்திரப்பட்டிருந்த 1970களின் தொடக்கத்துச் சிருஷ்டி அது.

இத்தகைய ட்யூனர்கள் பின்பற்றும், 1961இல் அமெரிக்க அரசு அங்கீகரித்த எஃப்.எம். ஸ்டீரியோ முறையில், இடம் வலம் என்னும் இரு ஒலிகளின் கூட்டுத்தொகை முதன்மையாகவும், அவற்றின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையின் மீதேறியும் வர, 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய சமிக்ஞை ஒன்று வழிகாட்ட, பழைய மோனோ பெட்டி கூட்டுத்தொகையோடு திருப்தியடைகையில், ஸ்டீரியோ ட்யூனரோ கூட்டியும் கழித்தும் இரண்டையும் பிரித்தெடுத்து விடுகிறது. பள்ளிக் கணிதம் சங்கீதத்துக்கு இத்தனை உபகாரம் செய்யுமென்று யார் எண்ணினார்கள்!

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் இருபுறமும் முழங்கும் நியூ ஜெர்சியில், பலமான நிலையத்தின் பக்கத்திலேயே பலவீனமான நிலையம் ஒன்று மூச்சுத் திணறுவது சகஜம். அதை மீட்க ட்யூனரின் அலைவரிசை வடிகட்டியைக் குறுக்கினால் இசையின் தெளிவு குன்றும் என்பது பொது விதி. அவ்விதியை இயன்றமட்டும் வென்று காட்டியதே எம்.ஆர். 78ஐ வடிவமைத்த ரிச்சர்ட் மொடாஃபெரியின் சாமர்த்தியம்.

வாங்க ஆசைப்படும் அன்பர்கள், முதலில் கூரைமேல் நல்லதோர் ஆண்டெனாவை நிறுத்துங்கள். அது இல்லாத வீட்டில் இக்கருவி வெறும் அலங்காரமே.