முதலில் ஸ்வாப், பிறகு மாத்திரை

அன்புத் தங்கைக்கு,

அரிப்பு மறுபடி வந்துவிட்டது, மெடிக்கலில் போன தடவை வாங்கிய அதே மாத்திரையை வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. ஒரே வருஷத்தில் இது மூன்றாவது தடவை. இனி பரிசோதிக்காமல் மருந்து கூடாது.

அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் பூஞ்சைதான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பாக்டீரியாவாலும் வரலாம், டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாலும் வரலாம். அமெரிக்காவில், தாமாகவே கடையில் பூஞ்சை மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான்.

டாக்டரம்மா பஞ்சுக்குச்சியால் கொஞ்சம் கசிவை எடுப்பார். பயப்படாதே, சீக்கிரம் முடிந்துவிடும். பிஎச் தாளில் 4.5-ஐத் தாண்டினால் பாக்டீரியா, டிரைக்கோமோனாஸ் மேல்தான் சந்தேகம் போகும். அப்புறம் எங்கள் லேப் வேலை. ஸ்லைடில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். உடம்பின் செல்கள் கரைந்து போகும், பூஞ்சையின் சுவர் மட்டும் கரையாது. மொட்டு விட்ட ஈஸ்ட்டும் நீண்ட இழைகளும் மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். எத்தனை ஸ்லைடு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆனால் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பூஞ்சை இல்லை என்று அர்த்தமில்லை. நிறையத் தொற்று அதில் தப்பிவிடும். கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சையில் கிளாப்ரேட்டா என்ற வகை இழையே விடாது. அதனால்தான் உனக்குக் கல்ச்சர், அதாவது வளர்த்துப் பார்க்கும் சோதனை, அவசியம் என்கிறேன். சபுரோ அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் பெரும்பாலும் இரண்டு நாளில் வெண்ணெய் நிறத்தில் வளர்ந்துவிடும். வளர்ந்ததை மனித சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற வகையாக இருந்தால் பச்சைப்பயறு மாதிரி முளை விடும். நிறம் காட்டும் அகார் இருந்தால் இன்னும் சுலபம்: ஆல்பிகன்ஸ் பச்சை, க்ரூசி என்ற இன்னொரு வகை இளஞ்சிவப்பு.

எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும். நீ வாங்கிப் போடும் ஃப்ளூகோனசோலுக்கு க்ரூசி இயல்பிலேயே மசியாது. கிளாப்ரேட்டாவும் பல சமயம் அப்படித்தான். இன்னொன்று: தொந்தரவே இல்லாத பெண்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரிடம் கேண்டிடா இருக்கும். ஆகவே ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நீயாக மருந்து தொடங்கிவிடாதே.

ஸ்வாப் கொடுக்கும்வரை மாத்திரையோ களிம்போ வேண்டாம். கூடவே சர்க்கரையும் பார்த்துவிடு. அது ஏறியிருந்தால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒரு போன் போடு, லீவு சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அக்கா