இறக்காமத்தில் கற்ற பாடம்



பயணக் கட்டுரை என்றவுடன் கடல் கடந்த நாடொன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். இம்முறை நான் உங்களை அழைத்துச் செல்வது நமது நாட்டிலேயே, அம்பாறை மாவட்டத்திலுள்ள இறக்காமம் என்னும் ஊருக்கு. என் தாயின் ஊர் அது. சின்ன வயதில் பாடசாலை விடுமுறை தோறும் ஓடிப்போன ஊர். பல வருடங்களுக்குப் பின் என் மகளையும் கூட்டிக்கொண்டு நான்கு நாட்கள் அங்கு தங்கி வந்தேன். பார்த்து வந்ததைவிடக் கற்று வந்ததே அதிகம்.

கொழும்பில் இரவு பஸ் ஏறினோம். அம்பாறையை அடையும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வேறு பஸ். இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளைந்த வேளாண்மை. பெரும்போக அறுவடை தொடங்கியிருந்தது. இயந்திரங்கள் வட்டைக்குள் இறங்கியிருந்தன. தெருவோரத்தில் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். என் மூத்தம்மா காலத்தில் கையால் அறுத்து, சூடு வைத்து, மாடு விட்டு மிதிப்பார்கள். பெண்கள் நெல் குற்றி, சுளகில் புடைத்து, குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமப்பார்கள். இன்று அந்த வேலைகளில் பலவற்றை இயந்திரம் செய்கிறது. ஆனால் அந்த உழைப்புக்கு அளந்த சோற்றுக் கோப்பை மட்டும் சிறுக்கவில்லை. கிராமத்தவருக்கு ஏன் சீனி வருத்தம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

முற்றத்தில் ஒரு செருப்பு

சாச்சி எங்களை வரவேற்க முற்றத்துக்கு வந்தார். கால் சற்று இழுத்தது. என்னை ஆச்சரியப்படுத்தியது அதுவல்ல; சொந்த முற்றத்தில் அவர் செருப்புப் போட்டிருந்ததுதான். வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் வெறுங்காலோடு ஓடித் திரிந்த சாச்சி அவர்.

தேநீர் குடித்தபடி மெதுவாக விசாரித்தேன். வலது காலைக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை!

"கால்ல முள்ளு ஏறினதே தெரியல்ல மகள். நாலு நாளா முள்ளோடதான் நடந்து திரிஞ்சிருக்கன். காலுறை ஈரமாகி, நாத்தம் வந்த பிறகுதான் பார்த்த" என்றார்.

நோகவில்லையா என்று என் மகள் கேட்டாள். நோகவில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது சகோதரிகளே. குருதியில் சீனி நெடுநாள் கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. முள் குத்தினாலும் சுடுதண்ணீர் பட்டாலும் உணர்வு வராது. சிறு காயம் புண்ணாகி, புண் அழுகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வருகிறது. வலி என்பது அல்லாஹ் நமக்குத் தந்த எச்சரிக்கை மணி. அந்த மணி ஓய்ந்துவிட்ட பாதத்தைக் கண்ணால்தான் காவல் செய்ய வேண்டும்.

சாச்சிக்கு வருத்தம் இருப்பது ஆறு வருடங்களுக்கு முன்பே ஒரு பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதம் குளிசை குடித்திருக்கிறார். பின்னர் சீனி இறங்கிவிட்டது என்று நிறுத்திவிட்டார். "குளிசை குடிச்சா கிட்னி பழுதாகும்" என்று யாரோ சொன்னதும் ஒரு காரணம். உண்மையில் சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் பிரஷரும்தான். சீனி இறங்கியது குளிசையினால். அதை நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

வீட்டில் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கிளினிக்குக்குப் போனா ஒரு நாள் போயிரும். ஊட்டுல ஆக்குறது ஆரு? வட்டைக்குச் சோறு அனுப்புறது ஆரு? சொன்னா எல்லாரும் கவலப்படுவாங்க எண்டு பொத்தி வெச்சன்."

இந்த வார்த்தையைக் கேட்டு நான் தலை குனிந்தேன். தொலைபேசியில் வாரா வாரம் பேசியவள் நான். அவர் ஆக்கிய ஆணத்தைப் பற்றி விசாரித்திருக்கிறேன். அவர் காலைப் பற்றி ஒருநாளும் விசாரித்ததில்லை.

வுழூச் செய்யும் இடத்தில்

மறுநாள் ஸுப்ஹுக்கு எழுந்தபோது சாச்சி கிணற்றடியில் வுழூச் செய்துகொண்டிருந்தார். கால் கழுவியதும் எழுந்துவிடவில்லை. கல்லில் அமர்ந்து, பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றித் துடைத்தார். சிறு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்த்தார். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம் ஏதுமில்லை என்று உறுதியான பின்பே செருப்பை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அஞ்சு நேரமும் காலைக் கழுவுறம். கழுவுற நேரம் பார்த்தா என்ன?" என்றார்.

நமது வீட்டுப் பெண்களுக்கு இதைவிட இலகுவான வைத்திய ஆலோசனை வேறு உண்டா? விரலிடுக்கில் ஈரம் தங்கினால் தோல் அவிந்து புண்ணாகும். எனவே துடைப்பது முக்கியம். வெடிப்புக்கு எண்ணெயோ கிறீமோ பூசலாம். விரலிடுக்கில் பூசக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். காயத்துக்கு மஞ்சளும் சாம்பலும் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

சாச்சியின் அடுப்படி

சாச்சி வீட்டில் சோறு நின்றுவிடவில்லை. வயலூரில் சோற்றை விடச் சொன்னால் யார் கேட்பார்? அளவுதான் மாறியிருக்கிறது. பீங்கானில் பாதி கீரையும் மரக்கறியும், கால் பங்கு தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, கால் பங்கு குளத்து மீன் அல்லது பருப்பு. முருங்கையிலையும் வல்லாரையும் வேலியோரத்திலேயே கிடைக்கின்றன. வெறுந்தேநீர் சீனியில்லாமல். எருமைத் தயிருண்டு, பாணியில்லை. கருப்பட்டியும் தேனும் சீனியைப் போலவே குருதியில் ஏறும் என்பதை விளங்கிக்கொள்ளத்தான் நாளெடுத்ததாம். கலியாண வீட்டுச் சஹனில் உட்கார்ந்தால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது; ஆகவே தன் பங்கைத் தனிப் பீங்கானில் கேட்டு வாங்கிக்கொள்கிறார். முதலில் கேலி செய்தவர்கள் இப்போது தங்களுக்கும் கேட்கிறார்களாம்!

பாகற்காய்ச் சாறும், கொத்தல ஹிம்புட்டு மரக் குவளையில் ஊறிய நீரும் அங்கே பலர் குடிக்கிறார்கள். குளிசையோடு இவையும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அதை நம்பிக் குளிசையை நிறுத்தவும் கூடாது.

சேர்ந்து போகும் பெண்கள்

மூன்றாம் நாள் கிளினிக் நாள். ஃபஜ்ருக்குப் பின் சாச்சி வீட்டுக்கு ஆறு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் காலை உணவு பொதியாகக் கையில். ஓட்டோக் கூலியை ஏழாகப் பிரித்துக்கொண்டு இரண்டு ஓட்டோக்களில் போனார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத மாமி ஒருவரின் கிளினிக் கொப்பியை இன்னொரு ராத்தா வாசித்துச் சொன்னார். சாச்சியின் விரல்கள் போன பிறகுதான் இந்த ஏற்பாடு தொடங்கியதாம்.

வெறும் வயிற்றுச் சீனி 126 அல்லது அதற்கு மேலிருந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை இருந்தால் வாசலில் நிற்கிறது என்று பொருள். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்தே உறுதி செய்வார்கள். 2011ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ஆரம்பித்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்கள் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அவர்களுள் ஒரு ராத்தா இன்சுலின் ஏற்றுபவர். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்த அந்நாட்களில் அவர் பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை நனைத்து, உள்ளே ஈரம் படாமல் பையில் கட்டி இன்சுலினைக் காப்பாற்றியிருக்கிறார். பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை, 30 பாகை செல்சியஸுக்குக் குறைந்த சூட்டில் கெடாது. திறக்காததை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது.

நோன்பு வருகிறது

திரும்பி வரும் வழியில் பேச்சு ரமழானைப் பற்றித் திரும்பியது. முந்திய நோன்பில் ஒருவர் அஸருக்குப் பின் நடுங்கி வியர்த்து விழுந்திருக்கிறார். மக்ரிபுக்கு இன்னும் சற்று நேரம்தானே என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். சாச்சிதான் வாயில் சீனித் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்.

சீனி 70க்குக் கீழே போனாலும், 300க்கு மேலே ஏறினாலும், உடம்பு தாங்காவிட்டாலும் நோன்பை உடனே விட வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை. நோன்புக்கு ஒன்றரை மாதம் முன்பே டாக்டரைக் கண்டு, பிடிக்கலாமா, குளிசையை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும். நாமாக மாற்றக் கூடாது.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பாருங்கள். தீராவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்ததும் உணவு கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

சகோதரிகளே! நான்காம் நாள் விடைபெறும்போது சாச்சி என் மகளுக்கு ஒரு பை நிறைய அரிசி தந்தார். எனக்கு ஒரு வேலை தந்தார். "போய் உன்ட மாமியாட காலைப் பாரு மகள். அவவும் சொல்ல மாட்டா" என்றார்.

வந்த அன்றிரவே என் கணவரின் உம்மாவின் பாதங்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கூச்சத்தோடு இழுத்துக்கொண்டார். குதிகாலில் ஆழமான வெடிப்பு ஒன்று இருந்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிச் சென்றோம். அல்ஹம்துலில்லாஹ், வேளையோடு கண்டுகொண்டோம்.

நமது வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருபவள் தன் வருத்தத்தையும் கடைசியாகவே சொல்வாள். அவள் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். இன்றிரவு உங்கள் உம்மாவின், மாமியின், சாச்சியின் பாதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் பாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.