மூடிய வாசிகசாலை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்தபடியாக மதிப்புப் பெற்றது வாசிகசாலை. நீண்டதொரு மேசை, இருபுறமும் வாங்குகள், மேசைமீது அன்றைய பத்திரிகைகள். இவ்வளவே அதன் செல்வம். வாசகன் பத்திரிகைக் காரியாலயங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. பத்திரிகைகளே அவனைத் தேடி வந்து அங்கே காத்திருக்கும். அவ்வாசிகசாலையின் கதவு ஒருநாள் அடைக்கப்படுமாயின் என்ன நேரும்? பத்திரிகைகள் அச்சாவது நின்றுவிடாது. ஆனால், அவற்றை ஒருங்கே கண்ட இடம் இல்லாது போகும். 2013ஆம் ஆண்டிலே இணைய வாசகர் பெருங்கூட்டத்தினர்க்கு நேர்ந்தது இத்தகைய நிகழ்ச்சியே.

இணையத்திலே செய்தித்தளங்களும் தனிமனிதர் எழுதும் வலைப்பதிவுகளும் எண்ணிறந்தன. ஒவ்வொன்றையும் நாள்தோறும் திறந்து பார்ப்பது இயலுங் காரியமன்று. இதற்கெனக் கண்ட உபாயமே செய்தியோடை. ஒரு தளம் தான் புதிதாக வெளியிட்டவற்றின் தலைப்பு, திகதி, முகவரி, சுருக்கம் என்பவற்றை ஒழுங்காக எழுதி ஒரு சிறு கோப்பாக வைத்திருக்கும். ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இம்முறை 1999இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தாரிடம் தோன்றி, 2002இல் இரண்டாம் பதிப்பாகச் செப்பமடைந்தது. இந்திய நாட்டு இயக்கமொன்றும் இவ்வெழுத்துக்களையே பெயராகக் கொண்டுள்ளது; அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஓடை வாசிப்பான் என்பது, நாம் கொடுத்த பட்டியலின்படி ஒவ்வோர் ஓடைக்கும் இடையிடையே சென்று, நாம் முன்னர் காணாதவற்றை மட்டும் கொணர்ந்து வைக்கும் ஏவலாள் எனலாம்.

அத்தகைய வாசிப்பான்களுள் மிகுந்த பெயர் பெற்றது கூகிள் றீடர். 2005 ஒக்ரோபரில் தோன்றிய அதனைப் பயன்படுத்துவோர் தொகை குறைந்துவிட்டதெனக் கூறி, மூடப்போவதாக 2013 மார்ச் 13இல் நிறுவனத்தார் அறிவித்தனர். யூலை 1 இறுதிநாளாயிற்று. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்துள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீட்லி என்னும் மற்றொரு வாசிப்பானிடம் சென்று சேர்ந்தனரென்றால், பயன்படுத்துவோர் அற்றுப்போகவில்லை என்பது தெளிவன்றோ?

நாமும் அக்காலத்தில் மாற்றிடம் தேடியவரே. எமது பட்டியலிலே மூவகை ஓடைகள் இருந்தன. முதலாவது நாட்டுச் செய்தி. இரண்டாவது வகுப்பறைக்கு உதவும் விஞ்ஞானச் செய்தி. இவ்விரண்டையும் எங்கேனும் மீண்டும் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது வகையே எம்மைக் கவலைக்குள்ளாக்கியது. எம்மிடம் கற்ற மாணவர் சிலர் தொறன்ரோவிலும் ஒஸ்லோவிலுமிருந்து ஆண்டுக்கு இரண்டொரு முறை எழுதுபவர்கள். ஆறு மாதம் மௌனமாயிருந்து திடீரென ஒருநாள் நான்கு பந்தி எழுதும் பிள்ளையின் பதிவை, ஓடையன்றி வேறு யார் தவறாது கொணர்ந்து தருவார்?

அவ்வகையில் இன்னுமொரு ஓடையும் இருந்தது. எமக்கு முன்னர் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், தம் ஊர்க் கிணறுகளைப் பற்றியும் வேலியோர மூலிகைகளைப் பற்றியும் எழுதிவந்தார். அவர் 2011இல் காலமானார். தளத்துக்குக் கட்டணஞ் செலுத்துவாரின்றி அது மறுவருடம் மறைந்துபோயிற்று. ஆயினும், எமது வாசிப்பானின் களஞ்சியத்தில் அவர் எழுத்துக்கள் கிடந்தன. எழுதியவரும் இல்லை, தளமும் இல்லை. வாசிகசாலையில் மட்டும் அவர் பிரதி இருந்தது. இப்பொழுது வாசிகசாலையும் மூடப்படப்போகின்றது.

பட்டியலை எடுத்துச் செல்ல வழி இருந்தது. ஓ.பி.எம்.எல். எனப்படும் கோப்பாக அதனை இறக்கி, வேறொரு வாசிப்பானிடம் ஒப்படைத்தால், அது ஓடைகள் யாவற்றையும் அறிந்துகொள்ளும். ஆனால், அக்கோப்பு முகவரிகளைத் தாங்குமேயன்றி எழுத்துக்களைத் தாங்காது. வற்றிய ஓடையின் முகவரியால் யாது பயன்? ஆகவே, யூன் மாதத்து இரவுகள் சிலவற்றிலே அவ்வாசிரியரின் பதிவுகள் முப்பத்தேழையும் ஒவ்வொன்றாக அச்சிட்டு, நூலாகக் கட்டுவித்தோம். ஒரு பிரதி அவர் துணைவியாரிடமும் மற்றொன்று எமது கல்லூரி நூலகத்திலும் உள்ளன. தாவரவியல் கற்கும் மாணவர் இன்றும் அதனை எடுத்துப் பார்க்கின்றனர்.

புதிய வாசிப்பானைத் தெரிவதில் நாம் நான்கு கேள்விகளைக் கேட்டோம். பட்டியலை வாங்குவதுபோலத் திருப்பியுந் தருமா? தமிழ் எழுத்துக்களைக் கொம்பும் அரவும் இடம்மாறாது காட்டுமா? பழைய கையடக்கத் தொலைபேசியிலும் மெதுவான இணைப்பிலும் இயங்குமா? நடத்துவோர் எதனைக்கொண்டு சீவிக்கின்றனர்? இறுதிக் கேள்வியே தலையாயது. வருவாயில்லாக் கடை எத்தனை நாள் திறந்திருக்கும்? 2013 யூனில் தோன்றிய டிக் றீடர் 2018 மார்ச்சில் மூடப்பட்டது. ஆதலால், சிறு சந்தா பெற்று நடத்தப்படும் ஒன்றையே தெரிந்துகொண்டோம். இனோறீடர், நியூஸ்பிளர், ஓல்ட் றீடர் என்பன கட்டணத்துக்கும், ஓர் அளவுக்கு இலவசமாகவும் கிடைப்பவை. தண்டர்பேட் என்னும் மின்னஞ்சற் செயலியும் ஓடைகளை வாசிக்கும். அப்பிள் கருவி வைத்திருப்போர்க்கு நெற்நியூஸ்வயர் இலவசமாக உண்டு. இவ்விரண்டும் நமது கருவியிலேயே இயங்குவன. சொந்த வழங்கிக் கணினியை நடத்த வல்லவர்கள் பிறெஷ்.ஆர்.எஸ்.எஸ். என்பதை நிறுவிக்கொள்ளலாம்.

“முகநூல் இருக்க இந்தப் பழைய முறை ஏன், சேர்?” என இளம் ஆசிரியர் ஒருவர் எம்மை வினவினார். முகநூலிலே எது முன்வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாமல்லோம். பலர் கைதட்டியதே முன்னே நிற்கும். ஆண்டுக்கு இருமுறை மெல்லப் பேசும் மாணவனின் குரல் அச்சந்தை இரைச்சலிலே கேளாது. ஓடையிலோ உரத்த குரலுக்கும் மெல்லிய குரலுக்கும் ஒரே வரிசை. அன்றியும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் நம் நாட்டில் முகநூலும் வட்ஸ்அப்பும் நாட்கணக்கில் முடக்கப்பட்டிருந்தன. எங்கும் வதந்தி நிறைந்த அந்நாட்களிலே, எமது ஓடைகள் செய்தித்தளங்களிலிருந்து வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. இதனைக் கேட்ட அவ்விளைஞர் அன்றே தமக்கும் ஒரு பட்டியல் தொடங்கினார்.

தொடங்குவது கடினமன்று. தளத்தின் முகவரியை வாசிப்பானிடம் கொடுத்தால், பெரும்பாலும் அதுவே ஓடையைக் கண்டுகொள்ளும். தொடர்ந்து நடத்துவதற்கு மட்டும் இரு வழக்கங்கள் வேண்டும். தவணைக்கு ஒருமுறை பட்டியலைக் கோப்பாக இறக்கி நமது கணினியில் வைத்துக்கொள்ளுதல் ஒன்று. இழக்க மனமில்லாத எழுத்தைக் கண்ட அன்றே அச்சிட்டுக்கொள்ளுதல் மற்றொன்று. வாசிப்பான் இன்று இருக்கும், நாளை போகும்; சந்தா கொடுப்பதும் அதன் ஆயுளை நீட்டுமேயன்றி நிலைபெறச் செய்யாது. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்றனர் நம் முன்னோர். இரவற் சேலையை உடுப்பதில் இழுக்கில்லை. கந்தையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருப்பவன் அதனை அச்சமின்றி உடுக்கலாம்.